நீர் வழியில் ஓடிய சுரங்க இரயில்

நிலத்தின் கீழ்க் கரந்து செல்லும் வழியை நம் முன்னோர் 'சுருங்கை' என வழங்கினர். நீர் செல்லும் கரந்த வழிக்கும் அச்சொல் உரியது. ஐக்கிய அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துள்ள றொச்செஸ்ரர் நகரின் சுரங்க இரயிலைப் பற்றிப் படிக்குந்தோறும் இச்சொல்லே நம் நினைவில் எழுகின்றது. அவ்விரயில் ஓடிய வழி, முன்னர் நீர் ஓடிய வழியேயாகும்.

1825 ஆம் ஆண்டில் நிறைவுற்ற ஈரிக் கால்வாய் ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைத்தது. அது றொச்செஸ்ரரின் நடுவே சென்றது. ஜெனசீ ஆறு குறுக்கிட்ட இடத்திலே கற்பாலம் ஒன்றை எழுப்பி, அதன்மீது கால்வாயைச் செலுத்தினர். கீழே ஆறும் மேலே படகுகளுமாக விளங்கிய அக்காட்சியை மாணவர் மனத்திற் கண்டு பார்ப்பாராக! முதற் பாலம் பழுதுற்றமையால் 1842 இல் இரண்டாம் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. மாவாலைகள் மலிந்த அந்நகரின் செல்வம் இக்கால்வாயாற் பெருகிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே கால்வாயை அகலமாக்கி, நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டனர். நகரின் நடுவே எஞ்சியது நீரற்ற பள்ளமே.

இப்பள்ளத்தை யாது செய்வது என்பது நகரத்தார்க்கு வினாவாயிற்று. ட்ராம் வண்டிகளும் மோட்டார்களும் வீதிகளில் நெருங்கிய காலம் அது. ஆதலின், பள்ளத்திலே தண்டவாளம் இட்டு மின்சார வண்டிகளை ஓட்டத் துணிந்தனர். 1922 இல் வேலை தொடங்கியது. நகரின் நடுப்பகுதியில் ஏறக்குறைய இரண்டு மைல் தூரம் பள்ளத்தை மூடி, மேலே புறோட் வீதியை அமைத்தனர். பழைய கற்பாலத்தில் நீர் சென்ற இடத்தே இரயிலும், அதற்கு மேல் வீதியுமாக இரு தட்டுகள் அமைந்தன. ஏனைய பகுதி திறந்த பள்ளமாகவே இருந்தது. சுரங்கம் என்ற பெயர் பாதிக்குத்தான் பொருந்தும். 1927 டிசெம்பர் 1 ஆம் நாள் பயணிகள் சேவை ஆரம்பமாயிற்று.

இனி, அது நிலையாமைக்குக் காரணம் யாது? பெரும்பாலோர் மோட்டாரையே குற்றஞ் சொல்வர். அது மெய்யே, எனினும் முழு மெய்யன்று. வழி அமைந்தது மக்கள் செல்ல விரும்பிய இடம் நோக்கியன்று. பள்ளம் கிடந்த இடம் நோக்கியே. விலைகொடுத்து வீடுகளை இடிக்க வேண்டாத வழியாதலின் செலவு சுருங்கியது. ஆனால், சனம் நிறைந்த பகுதிகள் பலவற்றை அது எட்டவில்லை. கிளைகளும் எழவில்லை. அயலூர்களிலிருந்து வரும் மின்சார இரயில்களை நகர வீதிகளின் நெருக்கத்திலிருந்து விலக்குவதும் அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்று. அவ்வயலூர் இரயில்களோ 1930, 1931 ஆம் ஆண்டுகளிலேயே நின்றுபோயின. நான்கே ஆண்டுகளில் நோக்கத்தின் ஒரு பாதி மறைந்தது! இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருள் பொறியியலாளர் பலர் உளர். மலிவாகக் கிடைத்த நிலம் திட்டத்தின் போக்கையே வளைக்கும் விதத்தை அவர்கள் நம்மினும் நன்கறிவர்.

இரண்டாம் உலகப் போரில் பெற்றோலும் ரயரும் பங்கீட்டுக்குள்ளாகவே வண்டிகள் நிறைந்து ஓடின. போர் முடிந்த சில ஆண்டுகளிற் கூட்டம் குறைந்தது. 1952 இல் ஞாயிற்றுக்கிழமைச் சேவை நிறுத்தப்பட்டது. சேவையைக் குறைக்கப் பயணிகள் குறைவதும், பயணிகள் குறையச் சேவை மேலும் குறைவதும் இத்தகைய வழிகளுக்கெல்லாம் பொதுவான நோய்.

1956 யூன் 29 இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் மாநிலங்களை இணைக்கும் பெருந்தெருக்களுக்கான சட்டத்திற் கையொப்பமிட்டார். அதற்கு மறுநாள், யூன் 30 இல், றொச்செஸ்ரரின் சுரங்க இரயில் பயணிகளை இறுதியாக ஏற்றிச் சென்றது. நாட்கள் இவ்வாறு அடுத்து வந்தமை தற்செயலே. ஆயின், கிழக்குப் புறத்துப் பள்ளத்திலே பின்னர் மோட்டார்ப் பெருந்தெரு அமைந்தது தற்செயலன்று. சரக்குப் பெட்டிகள் மட்டும் சில பகுதிகளிற் பல்லாண்டு ஓடின.

அங்கு ஓடிய வண்டிகளுள் 60 ஆம் இலக்க வண்டி ஒன்றே எஞ்சியது. ஜெனசீ ஆற்றின்மேல் 1842 ஆம் ஆண்டின் கல்வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றின் உள்ளே, படகும் இரயிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்ற இடம் வெறுமையாய்க் கிடக்கின்றது.