ஒரே சர்வரில் மூன்று இணையச் செயலிகள்

திருவரங்கத்தில் நான் பணியாற்றும் பள்ளியில் மதியத்துக்கு மேல் இணையம் கிடைப்பது அரிது. ஆகவே பாடத்துக்கு வேண்டியதை ஆய்வகத்திலேயே வைத்துக்கொண்டோம். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸை நிறுவினோம். அதில் மூன்று செயலிகள்: தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றிக் காட்டும் கிவிக்ஸ், வினாடி வினாவுக்கு மூடில், எங்கள் நூலகப் பதிவேடு.

கணினி ஒன்று, ஐபி முகவரியும் ஒன்று. வரும் கோரிக்கை எந்தச் செயலிக்கு உரியது என்று எப்படித் தெரியும்? 9-ஆம் வகுப்பில் இதைத் தபாலை வைத்து விளக்கினேன். பின்கோடு 620006. முதல் மூன்று இலக்கங்கள் கடிதத்தைத் திருச்சிராப்பள்ளிக்கும், அடுத்த மூன்றும் திருவரங்கம் அஞ்சலகத்துக்கும் கொண்டுவரும். அதன்பின் கீழச் சித்திரை வீதியா, கீழ உத்திர வீதியா என்பதைத் தபால்காரர் உறையைப் பார்த்துத்தான் அறிவார். உலாவியும் ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயரை எழுதி அனுப்புகிறது. 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 இதைக் கட்டாயமாக்கியது.

"வீதிப் பேரு தப்பா இருந்தா, சார்?" என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. பெயர் பொருந்தாத கோரிக்கைக்கென ஒரு பொதுப்பக்கம் வைத்தோம்; மூன்று செயலிகளுக்கும் இணைப்புகள் அதில் உண்டு.

எங்கள் தபால்காரர் என்ஜின்எக்ஸ். அது 80-ஆம் போர்ட்டில் நின்று, பெயரைப் பார்த்து, கிவிக்ஸுக்கு உரியதை 8081-க்கும் பதிவேட்டுக்கு உரியதை 8082-க்கும் அனுப்பும். மூடில் கோரிக்கைகள் பிஎச்பிக்குப் போகும். ஆய்வகத்தின் டிஎன்எஸ் அமைப்பில் மூன்று பெயர்களுக்கும் ஒரே ஐபி முகவரியைக் கொடுத்தால் போதும். மூடிலுக்கு மட்டும் அதன் பெயரை அதன் அமைப்புக் கோப்பிலும் எழுத வேண்டும். இல்லையேல் அது பழைய முகவரிக்கே திருப்பிவிடும்.

இதுவரை எளிது. நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது பாதுகாப்பில்தான். பதிவேட்டில் பிள்ளைகளின் பெயரும் வகுப்பும் இருக்கின்றன. எனவே ஒவ்வொரு செயலிக்கும் தனி லினக்ஸ் பயனர். தரவுத்தளம் தேவைப்படும் இரண்டுக்கும் தனித்தனித் தரவுத்தளம், தனிக் கடவுச்சொல். மூடிலில் ஓட்டை ஏற்பட்டாலும் பதிவேட்டின் கோப்புகளை அது திறக்க முடியாது. 8081, 8082 இரண்டும் 127.0.0.1 முகவரியில் மட்டுமே கேட்க வேண்டும். தவறினால், போர்ட் எண்ணைத் தட்டி எவரும் தபால்காரரைத் தாண்டி உள்ளே போகலாம்.

அடுத்தது நினைவகம். 40 பேர் ஒரே நொடியில் வினாடி வினாவைத் திறந்தால் பிஎச்பி நினைவகத்தை விழுங்கும். லினக்ஸ் ஏதாவது ஒரு நிரலை நிறுத்தும், அது பதிவேடாகவும் இருக்கலாம். அதனால் பிஎச்பி ஒரே நேரத்தில் இயக்கும் செயல்முறைகளை 10-க்குள் வைத்தோம். சிலர் ஓரிரு நொடி காத்திருப்பார்கள், அதில் தவறில்லை.

பதிவேட்டையும் மூடிலையும் தினமும் வேறொரு வட்டில் நகல் எடுக்கிறோம். கிவிக்ஸுக்கு நகல் வேண்டாம். அதன் கோப்பை எப்போதும் மீண்டும் பதிவிறக்கலாம்.