இரண்டில் பிறந்த சொல்

சார்லஸ் டிக்கன்ஸ் 1837இல் தொடர்கதையாக எழுதத் தொடங்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' கதையை நாம் அறிவோம். அப்பெயரின் பிற்பாதிக்குப் பொருள் கேட்டால், முறுக்கு, திருகு என்று அகராதி சொல்லும். ஆனால் அச்சொல்லின் வேர் முறுக்குதல் அன்று, 'இரண்டு' என்பதே. இரட்டையரைக் குறிக்கும் 'ட்வின்', இருமுறை என்னும் 'ட்வைஸ்', இரண்டுக்கும் நடுவே என்னும் 'பிட்வீன்' ஆகியவை அதன் உடன்பிறப்புகள்.

இரண்டு எவ்வாறு முறுக்கு ஆயிற்று? கயிற்றைப் பார்த்தால் விளங்கும். ஒரு புரியைத் தனியே முறுக்கிக் கையை விட்டால் அது பிரிந்துவிடும். இரு புரிகளையும் ஒரே பக்கமாக முறுக்கி, பின்பு இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால், அவை பிரிய முயல்வதே கயிற்றை இறுக்கிவிடும். பழைய ஆங்கிலத்தில் கப்பலின் பாய்மரத்தைத் தாங்கும் கயிற்றின் பெயரில் இச்சொல் இருந்தது.

இரண்டு என்றால் சேர்வதும் உண்டு, பிரிவதும் உண்டு அல்லவா? இடைக்கால ஆங்கிலத்தில் மரக்கிளைக்கும் 'ட்விஸ்ட்' என்று பெயர். டச்சு மொழியில் இன்றும் இச்சொல்லுக்குச் சண்டை என்று பொருள். ஜெர்மானிய மொழியில் அதுவே 'ட்ஸ்விஸ்ட்'. கயிறும் சண்டையும் ஒரே வேரில் பிறந்தது வியப்பே!

பிறர் சொன்னதை வேறு பொருள்பட மாற்றுவதையும் ஆங்கிலேயர் இதே வினையால் குறிப்பர். நாமும் பொய் அளப்பவரைக் 'கயிறு திரிக்கிறார்' என்கிறோம். 'அவள் வரவில்லை' என்பதை 'அவளுக்கு வர மனமில்லையாம்' என்று நாம் தோழியிடம் சொன்னால் போதும். டச்சுக்காரர் கூறும் பொருள் வகுப்பறையிலேயே கிடைத்துவிடும்.