இனக்குழுவின் நிலை உறுப்புகளும் மரபுவழி உறுப்புகளும்

களப்பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றும் அலுவலர்க்கும் நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் அடிக்கடி இடர் விளைவிக்கும் ஒரு பகுதி ஈண்டு விளக்கப்படுகிறது. இனக்குழு, மரபுரிமம் ஆகிய கருத்துகள், நார்வே நாட்டு ஆஸ்லோ நகரில் டால், நைகார்ட் என்னும் இருவரும் 1967-இல் வகுத்த சிமுலா 67 மொழியில் உருப்பெற்றவை. பின்வந்த மொழிகள் அவற்றைத் தத்தம் முறையில் கையாளுகின்றன.

‘கருவி’ என்பது அடிப்படை இனக்குழு எனவும், ‘மழைமானி’, ‘வெப்பமானி’ ஆகியவை அதனின்று தருவிக்கப்பட்டவை எனவும் கொள்வோம். நிலையத்தின் பெயர் கருவிதோறும் வேறுபடும். ஆகவே அது பொருளின் உறுப்பு. பதிவான கருவிகளின் தொகையோ எல்லாவற்றிற்கும் பொது. அது நிலை உறுப்பு. ‘நிலை’ என்றதும் மாணவர் மாறாத எண் என்று கருதிவிடுகின்றனர். மொழிபெயர்ப்பில் நேர்ந்த குறை இது. தொகை மாறும், அது பொருள்தோறும் படியெடுக்கப்படுவதில்லை என்பதே கருத்து.

ஜாவாவில் இவ்வுறுப்பிற்கு ஒரே படிதான் உண்டு. மழைமானி 12, வெப்பமானி 8 பதிவாயின், ‘கருவி.தொகை’ என்று கேட்பினும் ‘மழைமானி.தொகை’ என்று கேட்பினும் விடை 20. மழைமானிக்குத் தனித்தொகை வேண்டின் அவ்வினக்குழுவிலேயே அதனை மீண்டும் அறிவித்தல் வேண்டும். அப்போது அடிப்படையின் உறுப்பு மறைக்கப்படுமேயன்றி அழிவதில்லை. நிலைச் செயற்கூறு எப்பொருளையும் சாராதது. ஆதலின் நிலையத்தின் பெயரை அது நேரே அறிய இயலாது.

பைத்தானிலேதான் மிகுந்த விழிப்பு வேண்டும். அங்கே படித்தலும் எழுதுதலும் ஒரே வழியில் நடைபெறுவன அல்ல. படிக்குங்கால் முதலில் பொருளிலும், பின்னர் அதன் இனக்குழுவிலும், அதன்பின் அடிப்படையிலும் தேடப்படும். எழுதுங்கால் இத்தேடல் இல்லை. சுட்டிய இடத்திலேயே எழுதப்படும். பொருளின் வழியே தொகையோடு 1 கூட்டினால், 0 என்னும் பழைய மதிப்பு இனக்குழுவினின்று பெறப்பட்டு, 1 என்னும் புதிய மதிப்பு அப்பொருளில் மட்டும் பதியும். 20 கருவிகளைப் பதிந்த பின்னரும் இனக்குழுவின் தொகை 0 ஆகவே நிற்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது.

தருவித்த இனக்குழுவின் வழியே எழுதுவதும் இத்தகையதே. 8 வெப்பமானிகள் ‘கருவி.தொகை’யில் முதலிற் பதியப்பட்டன என்க. பின்னர் 12 மழைமானிகளை ‘மழைமானி.தொகை’யில் ஒவ்வொன்றாகக் கூட்டினால், எண்ணிக்கை 8-இலிருந்தே தொடங்கி 20-இல் முடியும், ‘கருவி.தொகை’ 8 ஆகவே இருக்கும். இரண்டையும் கூட்டி அறிக்கை எழுதுவோர் 28 என்று எழுதுவர். இல்லாத 8 கருவிகள் ஏட்டில் ஏறிவிடும்! பொதுத்தொகையை எப்போதும் ‘கருவி’ என்னும் உரிய பெயராலேயே எழுதுக. தனித்தொகை வேண்டின் மழைமானியில் 0 என்று தொடங்கி வைக்க.

ஆசிரியர் கரும்பலகையில் பொருள், தருவித்த இனக்குழு, அடிப்படை என மூன்று கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, படித்தலுக்கு மட்டும் மேல்நோக்கிய அம்புக்குறி இடலாம். பின்னர் மழைமானிகளை முதலிற் பதிந்து மேற்கண்ட கணக்கையே மாணவரைச் செய்யச் சொல்க. 12-உம் 8-உம் சேர்ந்து 20 என்று சரியாகவே அமையும். பல சோதனைகளில் இப்பிழை அகப்படாது போவது இதனால்தான்.