விரலுக்கு ஏற்ற விசைப்பலகை

மும்பை நகரில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பல தலைமுறைகளுக்கு முன்பு பிழைக்கப் போன தமிழர்கள் அங்கே நிறைய வாழ்கிறார்கள். விடியும் முன்பே பல வீடுகளில் இட்லி வேகத் தொடங்கிவிடும். பொழுது விடிந்ததும் அந்த இட்லி நகரின் பல மூலைகளுக்குப் போய்விடும்.

அங்கே ஒரு தெருவில் பெண்கள் சேர்ந்து சேமிப்புக் குழு நடத்துகிறார்கள். குழுவின் கணக்கை எழுதுபவர் ஒரு பெண். எல்லோரும் அவரை இட்லிக்கார அக்கா என்பார்கள். அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். நாற்பது வயதில் இரவு வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர். அவர் எழுதிய நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது.

நோட்டோடு டேப்லெட்டிலும் கணக்கை ஏற்ற வேண்டும் என்று குழு முடிவு செய்தது. டேப்லெட் பார்ப்பதற்குச் சிலேட்டுப் பலகை போல இருக்கும். தனியாக எழுத்துக் கட்டைகள் கிடையாது. எழுத வேண்டிய இடத்தைத் தொட்டால் திரையின் கீழே விசைப்பலகை தோன்றும். அதில் எழுத்தைத் தொட்டுத் தொட்டு எழுத வேண்டும்.

ஒரு மாதக் கூட்டத்தில் கணக்கைப் படித்தார்கள். ஓர் உறுப்பினர் கடன் தவணையாக ரூ. 1,200 கட்டியிருந்தார். திரையில் 120 என்று இருந்தது. பாக்கி ரூ. 1,080 என்று காட்டியது.

"நான் முழுசாக் கட்டினேன் அக்கா. பத்துப் பேர் முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!" என்று அந்தப் பெண் அழுதுவிட்டார்.

நோட்டை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 1,200 என்று தெளிவாக இருந்தது. பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. இனி டேப்லெட்டைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மாலையில் தங்கை மகள் வந்தாள். கல்லூரியில் படிப்பவள்.

"எங்கே, ஒரு வரி எழுதிக் காட்டுங்க பெரியம்மா" என்றாள்.

அக்கா எழுதினார். அவள் சிறிது நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, விசைப்பலகை சுருங்கி ஓரத்துல கெடக்கு. ஒரு விசை உங்க விரல்ல பாதிகூட இல்லையே! யார் தொட்டா இதை?"

"பேரன்தான் விளையாடிக்கிட்டு இருந்தான்."

விசைப்பலகையை அப்படிச் சுருக்கி, திரையில் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தி வைக்கலாம். இதை மிதக்கும் விசைப்பலகை என்பார்கள். சிலருக்கு அது வசதி. அக்காவுக்கு அது தொல்லை. தங்கை மகள் அதன் அடி விளிம்பில் விரலை வைத்துத் திரையின் கீழ் ஓரம் வரை இழுத்தாள். பலகை பழையபடி அகலமாக ஒட்டிக்கொண்டது.

அடுத்து உயரம். பல டேப்லெட்டுகளில் கூகுள் நிறுவனத்தின் ஜிபோர்டு விசைப்பலகை இருக்கிறது. அதன் மேல் ஓரத்தில் நான்கு சிறு கட்டங்கள் போட்ட குறி தெரியும். அதைத் தொட்டால் பல வேலைகளின் பட்டியல் வரும். அதில் அளவை மாற்றும் குறியைத் தொட வேண்டும். பலகையைச் சுற்றி ஒரு சட்டம் தோன்றும். சட்டத்தின் மேல் விளிம்பை மேலே இழுத்தால் விசைகள் உயரும். கீழே இழுத்தால் குறுகும். வேறு நிறுவனத்தின் பலகையானால் பெயர்களும் குறிகளும் சற்று மாறும். ஆனால் உயரத்தை மாற்றும் வசதி பெரும்பாலும் இருக்கும்.

மிகவும் உயர்த்தினால் வேறு சிக்கல் வரும். எழுதியதைக் காட்டும் இடம் குறைந்துவிடும். எழுதியது கண்ணுக்குத் தெரியாவிட்டால் பிழையும் தெரியாது. டேப்லெட்டைப் படுக்கை வாட்டில் திருப்பினால் விசைகள் அகலமாகும், ஆனால் பலகை ஏறக்குறையப் பாதித் திரையை மறைக்கும். நீண்ட கடிதம் எழுத நெடுக்கு வாட்டமே நல்லது. கணக்குக்குப் படுக்கை வாட்டம் ஒத்துவரும். இரண்டையும் செய்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"விசை பெரிசாயிடுச்சு. ஆனாலும் சில நேரம் தொட்டாலும் எழுத்து விழ மாட்டேங்குதே?" என்று கேட்டார் அக்கா.

அதற்குக் காரணம் உண்டு. டேப்லெட்டின் கண்ணாடிக்கு அடியில் மிக மெல்லிய மின்சாரம் பரவியிருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் பட்டதும் அந்த இடத்தில் மின்சாரம் சற்று மாறும். அதை வைத்துத்தான் கருவி தொட்ட இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அழுத்தத்தால் அல்ல. எனவே பலமாகக் குத்தினாலும் பயனில்லை. நகத்தால் தொட்டால் எழுத்து விழாது. சூட்டுத் தட்டைத் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன விரல் நுனியும் சில நேரம் சரியாகப் படாது. விரலைச் சாய்த்து, சதைப்பற்றான பகுதியால் மெதுவாகத் தொட வேண்டும். கை ஈரமாக இருந்தால் தொடாத எழுத்தும் விழும். துடைத்துவிட்டுத் தொட வேண்டும். தொடுதிரைக்கென்று ரப்பர் நுனி வைத்த எழுதுகோல் கடைகளில் விற்கிறது. விரல் ஒத்துழைக்காதவர்கள் அதை வாங்கலாம்.

எழுத்து விழுந்ததா என்று தெரிய இன்னொரு வழியும் இருக்கிறது. விசையைத் தொட்டதும் ஒலி எழும்படி செய்யலாம். பலகையின் பற்சக்கரக் குறியைத் தொட்டால் அமைப்புகள் வரும். அதில் விருப்பங்கள் என்ற பகுதிக்குள் ஒலி இருக்கிறது. எண் வரிசை என்பதும் அங்கேயே இருக்கிறது. அதை இயக்கினால் எழுத்துகளுக்கு மேலே 1 முதல் 0 வரை எப்போதும் நிற்கும். கணக்கு எழுதுபவருக்கு இதைவிட உதவியான ஏற்பாடு வேறில்லை.

பெயர் எழுதும்போது விழிப்பு வேண்டும். நாம் எழுதும் சொல்லைக் கருவி தானாகவே வேறு சொல்லாக மாற்றிவிடும். அப்போது ஓர் உறுப்பினரின் பெயர் வேறு பெயராகப் போகலாம். அமைப்புகளில் எழுத்துத் திருத்தம் என்ற பகுதியில் தானாகத் திருத்துவதை நிறுத்திவிடலாம்.

அக்கா அடுத்து "கொ" எழுத முயன்றார். இரவு வகுப்பில் கற்றபடி முதலில் கொம்பைத் தேடினார்.

"முதல்ல 'க' தொடுங்க. கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒண்ணு இருக்கு. அதை அப்புறம் தொடுங்க" என்றாள் தங்கை மகள்.

தமிழில் 247 எழுத்துகள். அத்தனைக்கும் விசை வைக்க இடம் கிடையாது. அதனால் உயிர்மெய்யைச் சேர்த்துத்தான் உருவாக்க வேண்டும். கையால் "கை" எழுதும்போது முன்னால் உள்ள குறியை முதலில் போடுகிறோம். விசைப்பலகையில் மெய்யெழுத்துக்கு உரிய விசை முதலில், குறி பிறகு. "க்" வேண்டுமானால் "க" தொட்டுப் பிறகு புள்ளியைத் தொட வேண்டும். புதிதாகக் கற்றவர்கள் தடுமாறுவது இங்கேதான். இரண்டு நாள் பழகினால் கை தானாக அந்த வரிசைக்கு வந்துவிடும்.

தமிழ்ப் பலகைகளிலும் வகைகள் உண்டு. தமிழ்99 என்பது ஒன்று. அதைத் தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்றுக்கொண்டது. இன்ஸ்கிரிப்ட் என்பது மற்றொன்று. இது இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவானது. மராத்தி "க" இருக்கும் இடத்திலேயே தமிழ் "க" இருக்கும். மும்பையில் வங்கிப் படிவத்தை மராத்தியிலும் குழுக் குறிப்பைத் தமிழிலும் எழுதுபவருக்கு இது உதவும். எது பழகியதோ அதையே வைத்துக்கொள்வது நல்லது. அடிக்கடி மாற்றினால் விரல் குழம்பும்.

அமைப்புகளில் மொழிகள் என்ற பகுதியில் தமிழ், மராத்தி, இந்தி எல்லாவற்றையும் சேர்க்கலாம். உருண்டை பூமிப் படம் போட்ட விசையைத் தொட்டால் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாறும்.

ஊர் பேர் தெரியாத விசைப்பலகைச் செயலியை மட்டும் ஏற்றக் கூடாது. நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் விசைப்பலகை வழியாகத்தான் போகிறது. வங்கி ரகசிய எண்ணும் அப்படித்தான்.

இப்போது கூட்டத்தில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. அக்கா தொகையை ஏற்றியதும் உரக்கப் படிக்கிறார். பணம் கட்டியவர் திரையைப் பார்த்து, "ஆமா, ஆயிரத்து இருநூறு" என்கிறார். அதன் பிறகே சேமிப்பு விசையைத் தொடுகிறார்கள்.

செய்து பார்க்க:

விசைப்பலகையை ஒரு முறை உயர்த்தி, ஒரு முறை குறுக்கி, உங்கள் பெயரை எழுதுங்கள். எந்த அளவில் பிழை குறைகிறது?

கை, கொடி, தேன், பௌர்ணமி என்ற சொற்களைத் தட்டுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் தொட்ட விசை எது?

1,200, 12,000, 120 என்ற எண்களைத் தட்டி உரக்கப் படியுங்கள்.