ஒற்றரை ஒற்றுவது யார்?



விவிலியத்தில் எண்ணிக்கை நூலில் ஓர் ஒற்றாடல் வரலாறு உண்டு. கானான் நாட்டை வேவு பார்த்து வர மோசே பன்னிருவரை அனுப்புகிறார். நாற்பது நாள் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு திராட்சைக் குலையைத் தடியில் தொங்கவிட்டு இருவர் சுமந்து வர, அவர்கள் திரும்புகின்றனர். அங்குள்ளோர் பெரும் பலசாலிகள், அவர்களை வெல்லவே முடியாது என்று பதின்மர் அஞ்சி உரைக்கின்றனர். யோசுவாவும் காலேபும் மட்டுமே வெல்லலாம் என்கின்றனர். மக்கள் பதின்மரை நம்பினர். விளைவு, நாற்பதாண்டுப் பாலைவன வாழ்வு.

நம் திருவள்ளுவரும் 'ஒற்றாடல்' என்று 59-ஆம் அதிகாரத்தையே வகுத்துள்ளார். ஒற்றர் இன்றி அரசு இல்லை என்று கூறும் அவரே, ஓர் ஒற்றர் தந்த செய்தியை வேறோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் எச்சரிக்கிறார். இந்த எச்சரிக்கையை இன்றைய இந்தியா எவ்வளவு பின்பற்றுகிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வளர்ச்சி

ஐ.பி. எனப்படும் மத்திய உளவுத்துறையின் தொடக்கம் 1887. ஆங்கில அரசு தன் ஆட்சியைக் காத்துக்கொள்ள ஏற்படுத்திய அமைப்பு அது. 1947-இல் நாடு விடுதலை பெற்றதும் அதன் முதல் இந்திய இயக்குநரானவர் சென்னை மாகாணக் காவல்துறையைச் சேர்ந்த டி.ஜி. சஞ்சீவி. 1950 டிசம்பரில் சர்தார் பட்டேல் மறைந்தபின் உள்துறை அமைச்சராகி, அத்துறைக்குப் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? நம் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த மூதறிஞர் இராஜாஜி!

1962-இல் சீனப் போர், 1965-இல் பாகிஸ்தான் போர். இவ்விரண்டிலும் அயல்நாட்டுச் செய்தி சேகரிப்பின் குறைகள் வெளிப்பட்டன. எனவே 1968 செப்டம்பரில் 'ரா' என்னும் தனி அமைப்பு ஆர்.என். காவ் தலைமையில் உருவாயிற்று. 1999-இல் கார்கில் மலைகளில் ஊடுருவல் நடந்தது முன்கூட்டியே தெரியவில்லை. அதை ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம். அதன்பின் தொழில்நுட்ப உளவுக்கென்றே 2004-இல் மற்றோர் அமைப்பு வந்தது. மாநிலக் காவல்துறைகளிலும் உளவுப் பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் ஒரு புதிய அமைப்பு பிறந்ததைக் கவனியுங்கள். ஆனால் கண்காணிப்பு அதே வேகத்தில் வளர்ந்ததா?

செலவு

ஐ.பி.க்கான ஒதுக்கீடு உள்துறை அமைச்சகக் கணக்கில் வருகிறது. அண்மை ஆண்டுகளில் அது ரூ. 3,000 கோடிக்கும் மேல். 'ரா'வின் செலவு எவ்வளவு என்பது மக்களுக்குத் தனியாகக் காட்டப்படுவதில்லை. இரகசியப் பணிகளுக்கான தொகை மற்றச் செலவுகளைப் போல முழுத் தணிக்கைக்கும் உட்படுவதில்லை. அமெரிக்காவோ தன் தேசிய உளவுத் திட்டத்தின் மொத்தச் செலவை 2007 முதல் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அவ்வாண்டுத் தொகை 4,350 கோடி டாலர். மொத்தத் தொகையைச் சொல்வதால் எந்த இரகசியமும் வெளியாகிவிடவில்லை.

பணத்தால் அளக்க முடியாத செலவும் உண்டு. நாகர்கோவிலில் பிறந்த விண்வெளி அறிவியலறிஞர் நம்பி நாராயணன் 1994 நவம்பரில் கைது செய்யப்பட்டார். ராக்கெட் இரகசியங்களை விற்றார் என்பது குற்றச்சாட்டு. கேரளக் காவல்துறையினரும் ஐ.பி. அதிகாரிகளும் அவரை விசாரித்தனர். ஐம்பது நாள் சிறையில் இருந்தார். வழக்கை மறுபடி ஆராய்ந்த சி.பி.ஐ., 1996-இல் குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று அறிவித்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் அவருக்கு ரூ. 50 இலட்சம் இழப்பீடு வழங்கச் சொன்னது 2018-இல்தான். இடையில் கழிந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? அதே வழக்கில் மாலத்தீவுப் பெண்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தனர் என்பதை மறக்கலாகாது.

இங்கே வள்ளுவர் சொன்ன 'வேறோர் ஒற்றர்' சி.பி.ஐ. வடிவில் வந்தார். ஆனால் கைதுக்குப் பின்னர்தான் வந்தார்.

கண்காணிப்பு

அமைச்சர் கண்காணித்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். இராஜாஜியைப் போன்றோர் எப்போதும் கிடைப்பதில்லை. ஆட்சியாளரே துறையைத் தம் எதிரிகள்மீது ஏவினால்? 1975–77 நெருக்கடி நிலையின் முறைகேடுகளை ஷா ஆணையம் விசாரித்தது. உளவுத்துறை அரசியல் கருவியாகாமல் தடுக்க வழி கூறுமாறு எல்.பி. சிங் தலைமையில் ஒரு குழுவும் அமைக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் 1988-இல் முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே, தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாரின் பேரில் பதவி விலகினார்.

நீதிமன்றம் சில வேலிகளை இட்டுள்ளது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு விதிகள் வகுத்தது. உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும், அதை ஒரு குழு ஆராய வேண்டும் என்றது. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். அவ்வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி.

எனினும் ஐ.பி., 'ரா' ஆகியவற்றின் பணிகளையும் எல்லைகளையும் வரையறுக்கும் தனிச் சட்டம் இல்லை. அதற்காக மணீஷ் திவாரி 2011-இல் மக்களவையில் கொணர்ந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் இவற்றுக்கு விலக்கு உண்டு. ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய புகார்களுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அமெரிக்காவில் 1975-இல் செனட்டர் சர்ச் தலைமையிலான குழு உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை வெளிப்படுத்தியது. அதன்பின் நிலையான கண்காணிப்புக் குழுக்கள் ஏற்பட்டன. பிரிட்டன் 1994-இல் சட்டத்தின் வழியே நாடாளுமன்ற உறுப்பினர் குழுவை அமைத்தது. அதன் உறுப்பினர்கள் இரகசியக் காப்புச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்.

கண்காணித்தால் இரகசியம் கெடும் என்பார் உண்டு. நம் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் பணிபுரியும் உங்கள் தந்தையரையும் அண்ணன்மாரையும் கேட்டுப் பாருங்கள். எந்திரத்தில் கடைந்த உதிரிப்பாகத்தை, கடைந்தவரே 'சரி' என்று முத்திரையிட்டு லாரியில் ஏற்ற முடியாது. அளவு பார்ப்பவர் வேறொருவர். அவரிடமும் தொழிற்சாலையின் வரைபடம் இருக்கிறது. அதை அவர் தெருச் சுவரில் ஒட்டிவிடுவதில்லை. ஓர் இரும்புத் துண்டுக்கே இவ்வளவு கவனம் என்றால், ஒரு மனிதரின் மானத்துக்கு எவ்வளவு வேண்டும்!

முடிவுரை

ஒற்றர் பணி நாட்டுக்குத் தேவை. பேரும் புகழும் இன்றி நமக்காக விழித்திருப்போரை நாம் மதிக்க வேண்டும். ஆனால் சரிபார்க்கப்படாத செய்தியால் நாடும் ஏமாறலாம். குற்றமற்றவரும் சிறை செல்லலாம். ஆகவே தெளிவான சட்டமும், நம்பிக்கைக்குரிய நாடாளுமன்றக் குழுவும் வேண்டும். இது ஒற்றர்களை ஐயுறுவது ஆகாது. அவர்கள் உழைப்புக்கு நம்பகத்தன்மை தருவதே ஆகும்.

மாணவியரே! நாளை நீங்கள் வாக்களிப்பீர்கள். உங்களுள் சிலர் காவல்துறையிலோ, நீதிமன்றத்திலோ, நாடாளுமன்றத்திலோ அமரலாம். அன்று ஓர் இரகசிய அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால், பதின்மர் சொன்னார்கள் என்று உடனே கையொப்பமிடாதீர்கள். மற்ற இருவர் என்ன சொன்னார்கள் என்றும் கேளுங்கள்.