புரோப்பேனா, விறகா? கணப்பு வைக்கும் முன் சில குறிப்புகள்

ரொறன்ரோவிலும் மார்க்கத்திலும் இருக்கும்வரை எரிவாயுவைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை, குழாயில் வந்துவிடும். பீற்றர்பரோ தாண்டி, கவார்த்தா ஏரிகள் பக்கம் வீடோ கொட்டேஜோ வாங்கும்போதுதான் அந்தக் குழாய் எல்லா இடத்துக்கும் வருவதில்லை என்பது தெரிகிறது. அப்போது எல்லோரும் கேட்பது 'எது மலிவு?' என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. அது இரண்டாவது குறிப்பில் வருகிறது.

1. முதலில் தெருவில் இயற்கை எரிவாயுக் குழாய் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் இந்த யோசனையே வேண்டாம். ஒன்ராறியோவில் அது புரோப்பேனைவிட மலிவு, வேலையும் இல்லை.

2. ஜனவரி மாதத்துப் பகல் வேளையில் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? இதுதான் அந்தக் கேள்வி. விறகு என்றால் பனிக்குள் போய்த் தூக்கி வர வேண்டும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை போட வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டால் அத்தனையும் அம்மா அப்பாவின் தலையில் விழும். "ஊரில் காலமெல்லாம் விறகு எரித்துச் சமைத்தவள், எனக்குத் தெரியாதா?" என்று அம்மா கேட்பார். அங்கே கூரை இடுக்காலும் வாசலாலும் புகை தன் பாட்டில் போனது. இங்கே குளிருக்காக எல்லாம் இறுக்கி மூடிய வீடு. காற்றுத் திறப்பைக் கொஞ்சம் அதிகம் மூடினாலும் புகை உள்ளே திரும்பும். வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் பகலில் தனியே இருக்கும் வீட்டுக்கு நான் புரோப்பேனைத்தான் சொல்வேன்.

3. திறந்த கணப்பு வீட்டைச் சூடாக்காது. படத்தில் பார்க்க அழகு. ஆனால் விறகில் உள்ள வெப்பத்தில் ஏறக்குறைய 10 சதவீதம்தான் அறைக்குக் கிடைக்கும். எரியும் நெருப்பு அறையின் சூடான காற்றை இழுத்துப் புகைபோக்கி வழியே அனுப்பிவிடும். அந்த இடத்தை நிரப்ப யன்னல், கதவு இடுக்குகளால் குளிர்காற்று வரும். கணப்புக்கு முன்னால் முகம் காயும். பின்படுக்கையறை முன்பைவிடக் குளிரும். பழைய கல் கணப்பு உள்ள வீட்டை வாங்கினால், அதற்குள் கண்ணாடிக் கதவு வைத்த மூடிய இரும்பு அடுப்பைப் பொருத்தி, புகைபோக்கிக்குள் புதிய எஃகுக் குழாயும் இறக்குங்கள். அப்படிச் செய்தால் 70 சதவீதம் வரை கிடைக்கும். திறந்த கணப்பில் புரோப்பேன் செயற்கைக் கட்டைகளை வைப்பவர்களுக்கும் இதே நட்டம்தான். புரோப்பேனில் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, புகையை வெளியே தள்ளும் மூடிய வகையையே கேளுங்கள்.

4. விலையை ஒப்பிட ஒரு சுலபமான கணக்கு. ஒரு 'புஷ் கோர்ட்' (அளவு அடுத்த குறிப்பில்) நன்கு காய்ந்த வன்மேப்பிள் விறகில் சுமார் 2 கோடியே 40 லட்சம் பி.டி.யு. வெப்பம் இருக்கிறது. ஒரு லீற்றர் புரோப்பேனில் சுமார் 24,000. ஆகவே ஒரு புஷ் கோர்ட் மேப்பிளும் 1,000 லீற்றர் புரோப்பேனும் வெப்பத்தில் ஏறக்குறைய சமம். இரண்டும் 70 சதவீதத் திறனுள்ள கணப்பில் எரிந்தால் இந்தச் சமன் அப்படியே நிற்கும். புரோப்பேன் 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸில் எரிகிறதென்றால், அதே விறகு சுமார் 740 லீற்றருக்குத்தான் ஈடு. விறகைத் திறந்த கணப்பில் எரித்தாலோ, நல்ல புரோப்பேன் கணப்பில் 140 லீற்றர் தரும் சூடுதான் மிஞ்சும். உங்கள் ஊரில் இரண்டின் விலையையும் கேட்டு இந்த இடத்தில் போட்டுப் பாருங்கள். விறகு மலிவு என்ற பேச்சு எந்த அடுப்பில் எரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

5. விறகு விற்பவர் 'ஒரு கோர்ட்' என்றால் எந்தக் கோர்ட் என்று கேளுங்கள். புஷ் கோர்ட் என்பது 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம்: 128 கன அடி. 'ஃபேஸ் கோர்ட்' முன்னாலிருந்து பார்க்க அதே அளவுதான். ஆழம் மட்டும் ஒரு கட்டையின் நீளம், பெரும்பாலும் 16 அங்குலம். அதாவது மூன்றில் ஒரு பங்கு. விலையும் மூன்றில் ஒரு பங்காக இருந்தால் சரி. மர வகையையும் கேளுங்கள். அதே அளவு பொப்லரில் மேப்பிளின் வெப்பத்தில் பாதியைவிடச் சற்றுத்தான் கூட இருக்கும்.

6. ஈர விறகு பணத்துக்கும் கேடு, புகைபோக்கிக்கும் கேடு. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு கட்டையைப் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தில் ஈரப்பத மானியைக் குத்திப் பாருங்கள். வெளிப்பக்கம் பொய் சொல்லும். மானி இல்லாவிட்டால் முனைகளில் வெடிப்பு ஓடியிருக்கிறதா, இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்கிறதா என்று கவனியுங்கள். மந்தமான சத்தம் என்றால் ஈரம். ஓக் காய இரண்டு கோடை வேண்டும். நிலத்தில் படாமல் அடுக்கி, மேலே மட்டும் மூடி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள்.

7. மின்சாரம் நிற்பதை நினைத்துத் தெரிவு செய்யுங்கள். 1998 ஜனவரிப் பனிப்புயலில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் பல வீடுகள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2013 டிசம்பரில் ரொறன்ரோவிலேயே பல வீடுகளில் நத்தாருக்கும் மின்சாரம் இல்லை. ஃபர்னஸ் புரோப்பேனில் ஓடினாலும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். விறகு அடுப்புக்கு எதுவும் வேண்டாம். மேலே கேத்திலும் வைக்கலாம். புரோப்பேன் கணப்பு வாங்கினால் "மின்சாரம் இல்லாமல் பற்றுமா?" என்று கடையிலேயே கேளுங்கள். சின்னச் சுடர் எப்போதும் எரியும் பழைய வகை பெரும்பாலும் பற்றும். மின்பொறி வகைக்குப் பற்றரி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப்புறத்தில் ஆண்டு முழுதும் குடியிருப்பவர்களுக்கு என் விருப்பம்: அன்றாடத்துக்கு புரோப்பேன், புயலுக்கு ஒரு சிறிய விறகு அடுப்பு.

8. புரோப்பேன் தாங்கி வாடகையா, சொந்தமா? வாடகை என்றால் பொதுவாக அந்தக் கம்பனி மட்டுமே நிரப்பும். வேறு இடத்தில் மலிவு என்றாலும் மாற முடியாது. ஆண்டுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வாங்க வேண்டும், தாங்கியை எடுத்துப்போக எவ்வளவு என்பதை ஒப்பமிடும் முன் கேளுங்கள். தாங்கியை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்ப மாட்டார்கள், திரவம் விரிய இடம் வேண்டும் என்பதால். 30,000 பி.டி.யு. கணப்பு மணிக்கு ஒன்றேகால் லீற்றர் குடிக்கும். அதை வைத்து மாதச் செலவைப் போடலாம். தாங்கிக்குப் போகும் வழியில் பனியை வழித்துவிடுங்கள்.

9. புரோப்பேன் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, பேஸ்மென்டில் தேங்கும். அழுகிய முட்டை மணம் வந்தால் விளக்கைப் போடவோ அணைக்கவோ வேண்டாம், போனையும் வீட்டுக்குள் தொட வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, தூரத்தில் நின்று அழையுங்கள். வயதானவர்களுக்கு மணம் சரியாகத் தெரியாமல் போகலாம். பேஸ்மென்டில் தரைக்கு அருகே ஒரு புரோப்பேன் உணர்கருவி வையுங்கள். கராஜில் பலகாரம் சுடும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அந்த 20 இறாத்தல் சிலிண்டரின் இடம் வெட்டவெளிதான். கராஜிலோ வீட்டுக்குள்ளோ பாவிக்கவும் வேண்டாம், வைக்கவும் வேண்டாம்.

10. எந்த எரிபொருளானாலும் கார்பன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் வூட்ஸ்டொக்கில் ஒரு பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்தார்கள். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு, அந்த நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பியிருந்தது. வீட்டில் அலாரம் இல்லை. இந்த மரணங்களுக்குப் பிறகே மாகாணத்தில் அலாரத்தைக் கட்டாயமாக்கும் ஹோக்கின்ஸ் ஜின்யாக் சட்டம் 2013இல் நிறைவேறியது. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் இருக்கட்டும். சுவரால் வெளியே போகும் புகைவழியை ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பின்னும் போய்ப் பாருங்கள்.

11. தவழும் குழந்தை உள்ள வீட்டில் கணப்புக் கண்ணாடிக்கு முன் தடுப்பு வலை வையுங்கள். அணைத்த பிறகும் கண்ணாடி நெடுநேரம் சுடும். விறகுச் சாம்பலில் தணல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, மரத் தளத்தில் அல்லாமல், வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.

12. விறகுக் கணப்பைப் பற்றிக் காப்புறுதிக் கம்பனியிடம் வாங்கும் முன்பே சொல்லுங்கள். பெரும்பாலும் விறகு அடுப்புகளுக்கான 'வெட்' (WETT) பயிற்சி பெற்றவரின் பரிசோதனை அறிக்கை கேட்பார்கள். புகைபோக்கிக்குள் படியும் கரிப்பிசின், அதாவது கிரியோசோட், பற்றிக்கொண்டால் வீடே போகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்விக்க வேண்டும். புரோப்பேன் வேலையை உரிமம் பெற்ற எரிவாயுத் தொழில்நுட்பர் மட்டுமே செய்யலாம்.

13. மொன்றியலில் இருப்பவர்கள் நகரசபை விதியைப் பாருங்கள். 2018 ஒக்ரோபர் 1 முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் வெளியிடும் விறகு அடுப்புகளை அங்கே எரிக்கக் கூடாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், விதி இல்லாத ஊரிலும் விறகை விட்டுவிடுவது நல்லது.

14. கொட்டேஜுக்கு ரொறன்ரோவிலிருந்து விறகு ஏற்றிப் போகாதீர்கள். 2002இல் வின்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைவண்டு, விறகோடு பயணித்தும் ஒன்ராறியோவின் ஆஷ் மரங்களை அழித்துக்கொண்டு போனது. போகும் இடத்திலேயே வாங்கி, அங்கேயே எரியுங்கள். அடுத்த குளிருக்கான விறகை வசந்தத்திலேயே சொல்லிவிட்டால் ஒரு முழுக் கோடையும் உங்கள் முற்றத்திலேயே காயும்.