கைநாட்டு வைக்கும் முன்: மருத்துவ ஆராய்ச்சியும் நம் சம்மதமும்



குழுக் கூட்டம் முடியும்போது தீர்மான நோட்டை ஒருவர் சத்தமாக வாசிக்கிறார். எல்லோரும் கேட்ட பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். கடன் படிவம் என்றால் இன்னும் நாலு கேள்வி கேட்போம். ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்டவர் வந்து, "ஒரு ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுக்கணும், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றால் வாயே திறப்பதில்லை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆராய்ச்சிக்கும் விதிமுறைகள் உண்டு. இந்த மாதம் அவற்றைத் தெரிந்துகொள்வோம்.

முதலில் நம் நாட்டில் நடந்த ஒரு விஷயம். 2009-ல் கம்மம் மாவட்டத்திலும் (அன்று ஆந்திரா, இன்று தெலங்கானா), குஜராத்தின் வதோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசுகளோடும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. கம்மத்தில் பல பிள்ளைகள் பழங்குடிக் குடும்பத்தவர், விடுதியில் தங்கிப் படித்தவர்கள். 7 பிள்ளைகள் இறந்துபோன செய்தி வந்து பெரிய பிரச்சினையானது. 2010 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தியது.

சாவுகளுக்கும் தடுப்பூசிக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை என்றுதான் விசாரணைக் குழு சொன்னது. உலக சுகாதார நிறுவனம் இந்தத் தடுப்பூசியை இன்றும் பரிந்துரைக்கிறது. அதனால் இதைப் படித்துவிட்டு, "ஊசியே வேண்டாம்" என்று யாரும் பிள்ளையைத் தடுத்துவிடாதீர்கள்.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. ஆந்திராவில் பார்த்த 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948-ல் இருந்தது கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர் விடுதிக் காப்பாளர்! பெற்றவர்களின் சம்மதம் அதில் எங்கே? காப்பாளர் நல்லதுக்கென்று நினைத்தே போட்டிருக்கலாம். ஆனாலும் அது அவர் பெற்ற பிள்ளை இல்லையே. நடத்தியவர்களோ, "இது மருந்துச் சோதனையே இல்லை" என்றார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதையெல்லாம் கடுமையாகக் கண்டித்தது.

இப்போது மருந்துச் சோதனைக்கு 2019-ம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. என்ன செய்யப்போகிறார்கள், எதுக்கு, என்ன ஆபத்து வரலாம் என்பதை நமக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி ஆரம்பம் முதல் கூடவே இருக்க வேண்டும். கடைசியில் வந்து சாட்சிக் கையெழுத்து மட்டும் போடுவது சரியில்லை. ஆராய்ச்சி தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழு அதற்கு அனுமதி தர வேண்டும். அந்தக் குழுவில் டாக்டர்கள் மட்டும் இல்லை. சட்டம் தெரிந்த ஒருவர், சாதாரணப் பொதுமக்களில் ஒருவர், குறைந்தது ஒரு பெண் இருக்க வேண்டும்.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆராய்ச்சிக்காரர்கள் ஊருக்குள் வந்தால் முதலில் தேடுவது குழுவைத்தான். இருபது பெண்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்களே! தலைவியோ ஊக்குநரோ சொன்னால், "அக்கா சொல்றாங்க, எப்படி மாட்டேன்னு சொல்றது" என்று சேர்ந்துவிடுவோம். அடுத்த கடன் தள்ளிப்போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். தலைவி கூட்டம் நடத்த அனுமதி தரலாம், அவ்வளவுதான். உறுப்பினருக்குப் பதிலாகச் சரி சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. விடுதிக் காப்பாளருக்கு இல்லாதது தலைவிக்கு மட்டும் எப்படி வரும்? ஆராய்ச்சியில் சேராதவருக்குக் கடனை நிறுத்துவது கூடவே கூடாது.

பஸ் செலவு, வேலைக்குப் போகாத நாளுக்கான கூலி தரலாம். பணத்தைக் காட்டி ஆபத்தை மறைப்பதுதான் தப்பு.

சேர்ந்தபிறகும், காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதனால் ஆஸ்பத்திரியில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும். இதையெல்லாம் கேட்க நம் கையில் தாள் வேண்டுமே! கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும் தகவல் தாளையும் அன்றைக்கே வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். பிரச்சினை வந்தால் யாருக்குப் போன் செய்வது என்ற நம்பர் அதில் இருக்கிறதா என்று, படித்த பிள்ளையை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.